இருட்டறையில் எடுத்த ரீடிங்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பு நாளில், இயற்பியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது. – மலர்க் குழு)



செயலாளர் என்னிடம், "வெளிநாட்டுல போஸ்ட் டாக்டர் ஆராய்ச்சி பண்ணீங்களே, அதைப் பத்தி அரை மணி நேரம் பேசுங்க. பசங்களுக்குப் புரியணும், பெரியவங்க தூங்கக் கூடாது" என்றார். இரண்டாவது நிபந்தனை எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஏனென்றால் மதியச் சாப்பாடு இப்போதுதான் முடிந்தது. அதிலும் பாயசம் இரண்டு.

நான் இந்தக் கல்லூரியில் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. இரண்டும் படித்தவன். 2004 முதல் 2009 வரை ஐந்து வருடம். அப்பா நூற்பாலைத் தொழிலாளி. பிறகு பெங்களூரில் பிஎச்.டி. அதன்பின் 2016 முதல் ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில் போஸ்ட் டாக். அங்கே என் வேலை, மிகமிகச் சிறிய பொருளில், மிகமிகக் குறைந்த நேரத்தில் நடப்பதை ஒளியைக் கொண்டு படம் பிடிப்பது. அதைப் பற்றிச் சொல்கிறேன். அங்கே நான் செய்த ஒரு தப்பைப் பற்றியும் சொல்லப் போகிறேன். அதுதான் முக்கியம்.

சோடியம் விளக்கும் கரண்ட் கட்டும்

முதலில் ஒரு பழைய கதை. இரண்டாம் ஆண்டு பிராக்டிகல். நியூட்டன் வளையம். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில், ஒரு லென்ஸுக்கும் கண்ணாடித் தட்டுக்கும் நடுவில் வட்டம் வட்டமாகக் கோடுகள் தெரியும். நகரும் நுண்ணோக்கியில் ஒவ்வொரு வளையத்தின் விட்டத்தையும் அளந்து, அதன் வர்க்கத்தை வரைபடமாகப் போட்டால் நேர்க்கோடு வர வேண்டும். இருட்டறையில் கண் வலிக்க ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும். அன்றைக்கு எனக்கு கிரிக்கெட் மேட்ச் இருந்தது. நான் என்ன செய்தேன்? இங்கே இருக்கிற பலரும் செய்ததைத்தான் செய்தேன். ரீடிங்கை "குக்" பண்ணினேன். சீனியர் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து, கடைசி இலக்கங்களை மட்டும் மாற்றி எழுதினேன். கோடு ரூல் தடி வைத்தது போல வந்தது.

மறுநாள் சார் என் நோட்டைப் பார்த்தார். கோபப்படவில்லை. "ஏம்ப்பா, நேத்து மூணு மணியிலேர்ந்து நம்ம டிபார்ட்மென்ட்ல கரண்டே இல்லையே. நீ சோடியம் விளக்கை எதுல ஏத்தின, மண்ணெண்ணெயிலயா?" என்றார்.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்று சாயங்காலம் ஏழு மணி வரை என்னை உட்கார வைத்து எடுக்க வைத்தார். லேப் அட்டெண்டர் அண்ணன் எனக்காக வீட்டுக்குப் போகாமல் சாவியோடு காத்திருந்தார். புள்ளிகள் கோட்டில் உட்காரவில்லை, இங்கும் அங்குமாகச் சிதறின. சார் பார்த்துவிட்டு, "தப்பா வந்தா தப்பா வந்த மாதிரியே எழுது. அதுக்கு நான் மார்க் போடுறேன். பொய் ரீடிங்குக்கு என்கிட்ட மார்க் கிடையாது" என்றார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

ஒளியின் எல்லை

சாதாரண நுண்ணோக்கியில் எவ்வளவு சிறியதைப் பார்க்கலாம்? லென்ஸை எவ்வளவு நன்றாகச் செய்தாலும், ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே பார்க்க முடியாது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அது சுமார் 200 நானோமீட்டர். நம் தலைமுடியின் கனம் சுமார் 80,000 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையடிக்கிற மட்டையை வைத்து நெற்றியில் பொட்டு வைக்க முடியுமா? அது போலத்தான். ஒளி அலையின் அகலமே தடை. பாடத்தில் விளிம்பு விளைவு என்று படிக்கிறோமே, அதன் பலன்.

இந்த விதியை 1873-இல் சொன்னவர் எர்ன்ஸ்ட் ஆபே. அவருடைய சூத்திரத்தை ஜெர்மனியில் யேனா நகரத்தில் நினைவுக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். ஆபேயின் அப்பாவும் நூற்பாலைத் தொழிலாளி. ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் வேலை. சின்னப் பையன் ஆபே மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போவான். அப்பா இயந்திரத்தில் சாய்ந்து நின்றபடியே சாப்பிடுவார். பிற்காலத்தில் அந்தப் பையன் புகழ்பெற்ற ஸைஸ் கண்ணாடித் தொழிற்சாலையின் பொறுப்புக்கு வந்தபோது, 1900-இல் தொழிலாளிகளுக்கு எட்டு மணி நேர வேலை என்று கொண்டுவந்தார். நானும் தூக்குவாளியோடு மில் கேட்டில் நின்றவன். அந்தக் கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் அதிகமாகவே நின்றேன்.

எல்லையைத் தாண்டியது எப்படி?

1928-ஆம் ஆண்டு நமக்கெல்லாம் ராமன் விளைவு வந்த ஆண்டு. அதே ஆண்டில் அயர்லாந்துக்காரர் சிங் என்பவர் ஒரு யோசனையை வெளியிட்டார். ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய ஓட்டையைப் பொருளுக்கு மிக மிக அருகில் கொண்டுபோய், புள்ளி புள்ளியாக நகர்த்தினால் ஆபேயின் எல்லையைத் தாண்டலாம் என்றார். ஐன்ஸ்டைனுக்குக்கூடக் கடிதம் எழுதினார். ஆனால் அன்றைக்கு அவ்வளவு நுணுக்கமாக எதையும் நகர்த்த வழியில்லை. 1972-இல் லண்டனில் நுண்ணலைகளை வைத்து இது சாத்தியம் என்று காட்டினார்கள். 1984-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சூரிச் ஆய்வகத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே செய்துவிட்டார்கள்.

இப்போது ஓட்டைக்குப் பதிலாக ஊசி. முனை சுமார் 20 நானோமீட்டர். அதன் மேல் உலோகப் பூச்சு. அதன் மீது லேசரைக் குவித்தால், இடிதாங்கியின் நுனியில் மின்சாரம் சேர்வது போல, முனையில் ஒளியின் புலம் ஒடுங்கிச் சேரும். அந்த ஒடுங்கிய புலத்தைத்தான் அண்மைப்புலம் என்கிறோம். ஊசி பொருளின் மேல் நொடிக்கு இரண்டு மூன்று லட்சம் தடவை தட்டும். சிதறி வரும் ஒளியில் பொருளின் செய்தி இருக்கும். இருட்டில் விரல் நுனியால் தடவிப் பார்த்து, "இது சாவி, இது சில்லறை" என்று சொல்கிறோமே, அந்த மாதிரி.

ஆனால் ஒரு பெரிய தொல்லை. ஊசியின் முனையில் இருந்து வருவது துளியூண்டு ஒளி. ஊசியின் உடம்பிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் சிதறி வருவது குடம் குடமாக. திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தை அழுவதைக் கேட்கிற கதை. அதற்கு ஒரு தந்திரம் உண்டு. ஊசி தட்டுகிற தாளத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்ணில் வருகிற சிக்னலை மட்டும் பிரித்தெடுப்பார்கள். மடங்கு ஏற ஏற வேண்டாத ஒளி வடிந்துபோகும். ஆனால் வேண்டிய சிக்னலும் மெலிந்துபோகும். இந்த இடத்தையும் மறக்காதீர்கள்.

நேரத்தை நறுக்குவது

அடுத்தது வேகம். ஒரு பொருளில் ஒளி பட்டதும் எலெக்ட்ரான்கள் ஆற்றலை வாங்கி, பகிர்ந்து, விடுவதெல்லாம் ஃபெம்டோ செகண்டு கணக்கில் தொடங்கிவிடும். ஒரு செகண்டில் ஆயிரம் லட்சம் கோடி... வேண்டாம், இப்படிச் சொல்கிறேன். ஒரு ஃபெம்டோ செகண்டை ஒரு செகண்டாக நீட்டினால், ஒரு செகண்டு என்பது மூன்று கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிவிடும். ஒளியே ஒரு ஃபெம்டோ செகண்டில் 0.3 மைக்ரோமீட்டர்தான் போகும்.

இவ்வளவு வேகத்தில் திறந்து மூடுகிற கேமரா ஷட்டர் எதுவும் கிடையாது. ஆகவே ஒளியை வைத்தே ஒளியை அளக்கிறோம். இரண்டு லேசர் துடிப்புகள். முதல் துடிப்பு கோயில் மணியை அடிப்பது போல. இரண்டாவது, சத்தம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காது கொடுப்பது போல. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை எப்படி மாற்றுவது? ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினால் போதும். 7.5 மைக்ரோமீட்டர் நகர்த்தினால், ஒளி போய்த் திரும்ப 15 மைக்ரோமீட்டர் கூடுதல் தூரம், 50 ஃபெம்டோ செகண்டு தாமதம். எவ்வளவு எளிய யோசனை பாருங்கள்! இந்த முறையால் வேதிவினைகளைப் படம்பிடித்த அகமது ஸெவெயிலுக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கும் கீழே, அட்டோ செகண்டு துடிப்புகளுக்காக 2023-இல் மூவருக்குக் கிடைத்தது.

மூன்றாவது குவாண்டம். நம் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் ஒன்றும் வராது. வந்தால் மூன்று சேர்ந்து வரும். சாதாரண விளக்கின் ஒளித்துகள்கள், அதாவது ஃபோட்டான்கள், அப்படித்தான் கும்பலாக வரும். ஆனால் ஒரே ஓர் அணுவிலிருந்து வருகிற ஃபோட்டான்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொன்றாகத்தான் வரும். இதை 1977-இல் சோதனையில் காட்டினார்கள். இப்படிப்பட்ட ஒற்றை ஃபோட்டான் மூலங்கள் வைரத்திலும், ஒரு சில அணு கனமே உள்ள தகடுகளிலும் இருக்கின்றன. அவை எந்த இடத்தில், எப்படி, எவ்வளவு நேரம் ஒளிர்கின்றன என்று பார்ப்பது இந்தத் துறையின் வேலைகளில் ஒன்று. ஒளியின் இந்தக் குவாண்டம் இயல்புக்கு 1963-இல் கணித அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் இ. சி. ஜி. சுதர்சன். கோட்டயத்துக்காரர், சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். 2005-இல் அந்தத் துறைக்கு நோபல் கிடைத்தபோது அவர் பெயர் அதில் இல்லை. அவருக்கு அதில் வருத்தம் உண்டு, வெளிப்படையாகவே சொன்னார்.

"இதனால என்ன பிரயோஜனம்?" என்று பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. ஓர் உதாரணம். உயிருள்ள செல்லை லேசரில் பார்க்கும்போது, ஒளியைக் கூட்டினால் படம் தெளியும், ஆனால் செல் பொசுங்கிவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தினர் 2021-இல், குவாண்டம் முறையில் சீராக்கிய ஒளியைப் பயன்படுத்தி, செல்லைப் பொசுக்காமலேயே தெளிவை 35 சதவீதம் கூட்டிக் காட்டினார்கள். போதுமா?

வரிவரியாக வந்த மகிழ்ச்சி

இனி என் கதை. போஸ்ட் டாக் என்றால் என்ன? பிஎச்.டி. முடித்தாயிற்று, ஆகவே மாணவன் இல்லை. வேலை நிரந்தரமில்லை, ஆகவே பேராசிரியரும் இல்லை. கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தம் மாதிரி. வேலை எல்லாம் செய்யலாம், போட்டோவில் ஓரமாக நிற்கலாம். எனக்கு இரண்டு வருட ஒப்பந்தம். பிறகு ஒன்றரை வருடம் நீட்டித்தார்கள்.

ஆய்வகம் பூமிக்கு அடியில். காற்றில் மிதக்கும் கனத்த மேஜை. அதன் மேல் லேசர், கண்ணாடிகள், ஊசி. ஒரு படத்துக்கு 128-க்கு 128 என்று 16,384 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 10 மில்லி செகண்டு என்றால் ஒரு படம் மூன்று நிமிடத்துக்குள் முடியும். ஆனால் 60 தாமத நேரங்களுக்கு 60 படம் வேண்டும். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அதற்குள் யாராவது கதவைத் திறந்தால் அறையின் வெப்பம் மாறி, மாதிரிப் பொருள் நகர்ந்துவிடும். ஆகவே ராத்திரியில்தான் வேலை. ஊசி உடைந்தால் சில ஆயிரம் ரூபாய் போச்சு. முதல் மாதம் நான் உடைத்த ஊசிகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு தையல்கடையே வைத்திருக்கலாம்.

நான் பார்த்த பொருள் டங்ஸ்டன் டைசெலினைடு. மெல்லிய தகடு. 2012-இல் அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் இரண்டு குழுக்கள், கிராஃபீன் தகட்டின் ஓரத்தில் எலெக்ட்ரான் அலைகள் வரிவரியாக நிற்பதை இதே ஊசி முறையில் படம் பிடித்திருந்தார்கள். நம் கோயில் குளத்தில் கல் போட்டால் அலை படிக்கட்டில் மோதித் திரும்புமே, அது போல. எல்லோருக்கும் அந்தப் படம் ஒரு கனவு. ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும், என் தகட்டின் ஓரத்திலும் வரிகள் தெரிந்தன. அழகான வரிகள். கிராஃபீனில் இல்லாத பொருளில்! எனக்குக் கை நடுங்கியது. அம்மாவுக்கு போன் போட்டேன். இங்கே விடியற்காலை. "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றாள்.

ஏழு மாதம் அதன் பின்னாலேயே அலைந்தேன். வழிகாட்டி மகிழ்ந்தார். மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பியாகிவிட்டது. கட்டுரை முக்கால்வாசி எழுதியாகிவிட்டது. என் ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம். அந்தக் கட்டுரை பெரிய இதழில் வந்தால் எனக்கு எங்காவது நிரந்தர வேலை. வீட்டில் தங்கை கல்யாணக் கடன் பாக்கி. நிலைமை இதுதான்.

ஒரு நாள் படங்களை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். நான் அதுவரை எல்லாவற்றையும் இரண்டாம் மடங்கு சிக்னலில்தான் பார்த்திருந்தேன். அதில்தான் படம் பளிச்சென்று இருக்கும். அகச்சிவப்பு ஒளியில் அது பெரும்பாலும் போதும். ஆனால் நான் பயன்படுத்தியது அதைவிடக் குறுகிய அலைநீளம். அங்கே மூன்றாம், நான்காம் மடங்கைப் பார்க்க வேண்டும் என்று எனக்கே தெரியும். மங்கலாக இருக்கிறது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அன்றைக்கு மூன்றாம் மடங்கை எடுத்துப் பல படங்களைச் சேர்த்துச் சராசரி போட்டுப் பார்த்தேன்.

தகடு தெரிந்தது. ஓரம் தெரிந்தது. வரிகள் இல்லை.

இன்னொரு சோதனை பாக்கி. ஊசியைத் தகட்டுக்கு மேலே 200 நானோமீட்டர் தூக்கினேன். அண்மைப்புலம் அங்கே செத்துப்போய்விட வேண்டும். ஆனால் இரண்டாம் மடங்கில் வரிகள் அப்படியே இருந்தன. அப்படியென்றால் அவை தகட்டுக்குள் ஓடும் அலைகள் இல்லை. ஊசியில் சிதறிய ஒளியும் தகட்டின் ஓரத்தில் சிதறிய ஒளியும் ஒன்றோடொன்று கலந்து போட்ட வெறும் குறுக்கீட்டு வரிகள். நண்பர்களே, அது நியூட்டன் வளையத்தின் ஒன்றுவிட்ட தம்பி. இரண்டாம் ஆண்டு பிராக்டிகல் என்னை ஜெர்மனி வரை துரத்தி வந்து பிடித்துவிட்டது!

இப்போது சிரிக்கிறேன். அன்றைக்குச் சிரிக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றாம் மடங்கு ஃபைலைத் திறக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்ளலாமே என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் ஒரு ரீடிங்கையும் மாற்ற வேண்டியதில்லை. இரண்டாம் மடங்குப் படங்கள் உண்மையிலேயே எடுத்தவைதான். சும்மா இருந்தால் போதும். சில சமயம் பொய் என்பது எழுதுவதில் இல்லை, எழுதாமல் விடுவதில் இருக்கிறது. அந்த இரண்டு நாளும் சார் சொன்ன மண்ணெண்ணெய் விளக்கு என் தலைக்குள் எரிந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் வழிகாட்டியிடம் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நல்லவேளை, இதை நாம் கண்டுபிடித்தோம், வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை" என்றார். மாநாட்டுச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றோம். இத்தகைய போலி வரிகளை எப்படி அடையாளம் காண்பது என்று ஒரு சின்னக் கட்டுரை எழுதினோம். பெரிய இதழ் இல்லை. திட்டத்துக்குப் பணம் முடிந்தது. என் ஒப்பந்தமும் முடிந்தது. நிரந்தர வேலைக்குப் பல இடம் விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. 2020 தொடக்கத்தில் ஊர் திரும்பினேன்.

"உண்மை சொன்னதுக்குப் பரிசு கிடைச்சுதா?" என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை. சினிமாவில்தான் கிளைமாக்ஸில் கிடைக்கும். ஆனால் ஒன்று நடந்தது. போன வருடம் வேறொரு நாட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி எழுதியிருந்தாள். அவளுக்கும் ஓரத்தில் வரிகள் வந்தனவாம். எங்கள் சின்னக் கட்டுரையைப் படித்து ஊசியைத் தூக்கிப் பார்த்தாளாம். "எனக்கு எத்தனையோ மாதம் மிச்சம், சார்" என்று எழுதியிருந்தாள். எனக்குப் போன ஏழு மாதம் அவளுக்குப் போகவில்லை. அது எனக்குப் போதும்.

மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை

இன்று நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். என் ஆய்வகத்தில் ஃபெம்டோ செகண்டு லேசர் கிடையாது. ஒரு சாதாரண நுண்ணோக்கியும், கடன் வாங்கிய கேமராவும் இருக்கின்றன. ஆபேயின் எல்லைக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறேன். அதற்காக எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஆராய்ச்சிக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகளே, வாருங்கள். எம்.எஸ்ஸி.க்கு ஜாம், பிஎச்.டி.க்கு நெட், கேட், ஜெஸ்ட் தேர்வுகள் இருக்கின்றன. போஸ்ட் டாக்குக்கு ஜெர்மனியின் ஹம்போல்ட், ஐரோப்பாவின் மேரி கியூரி உதவித்தொகைகள் உண்டு. நம் நாட்டிலும் 2023-இல் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ரூ.6,003 கோடிக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி. குவாண்டம் தகவல்தொடர்புக்கும், மும்பை ஐ.ஐ.டி. குவாண்டம் உணரிகளுக்கும் மையங்களாக இருக்கின்றன. ஆனால் போகுமுன் ஒப்பந்தம் எத்தனை மாதம், பணம் எங்கிருந்து வருகிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நாங்கள் கேட்கத் தயங்கினோம். போஸ்ட் டாக் என்பது ஒரு பாலம். அதன் மேல் வீடு கட்டிவிடாதீர்கள். அக்கரையில் பேராசிரியர் வேலை மட்டும்தான் இருக்கிறது என்றும் நினைக்காதீர்கள்.

பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். காலையில் நம் இருட்டறைக்குப் போனேன். நான் உட்கார்ந்த அதே முக்காலி. சோடியம் விளக்கு இரண்டில் ஒன்று எரியவில்லை. நகரும் நுண்ணோக்கி மூன்றில் ஒன்றின் திருகு வழுக்குகிறது. இதற்கு லட்சங்கள் வேண்டாம். சங்கத்தில் இயற்பியல் ஆய்வகத்துக்கென்று ஒரு சிறு நிதி தொடங்கினால், என் ஒரு மாதச் சம்பளத்தை முதல் தொகையாகத் தருகிறேன்.

விளக்கு எரியவில்லை என்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். சீனியர் நோட்டைத் தேடுவார்கள். அந்தப் பழக்கத்துக்கு நாம் இடம் கொடுக்க வேண்டாம்.

என்னை இருட்டறையில் ஏழு மணி வரை உட்கார வைத்த சார், முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். சார், அன்றைக்கு என் கோடு நேராக வரவில்லை. பத்துக்கு ஆறு போட்டீர்கள். என் வாழ்க்கையில் வாங்கியதிலேயே நல்ல மார்க் அதுதான்.